உப்புத் தண்ணீரில் கழுவிய லாரி

ஏப்ரல் 9, செவ்வாய்

என் மனைவியின் தம்பி அருளின் லாரி ஞாயிறன்று சௌல்தாரி இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் மரத்தில் மோதியது. அவன் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்று லாரியை இழுத்துவந்து எங்கள் வீட்டு வாசலில் விட்ட மெக்கானிக், பிரேக் குழாயைத் தொட்டுக் காட்டினார். உப்பு அரித்து அப்பளம் போல நொறுங்கியது.

வண்டி கழுவ, தண்ணீரைப் பீய்ச்சும் பிரஷர் வாஷர் மெஷினைக் கப்பலில் வரவழைத்து அவனுக்குக் கொடுத்தது நான். இந்தத் தீவில், எங்கள் பத்துபஸ்தியில் குழாய்த் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறைதான். "சுத்திலும் கடலை வெச்சுக்கிட்டு தண்ணி இல்லைங்கறியே மச்சான்" என்று சொன்னதும் நான்தான். அன்றிலிருந்து அருள் வண்டூர்க் கடல்நீரை டிரம்மில் கொண்டுவந்து, நுரை போட்டு, அடிப்பாகம் வரை பீய்ச்சிக் கழுவினான். மேலே மெழுகும் பூசினான். தெருவிலேயே அதிகம் பளபளத்த வண்டி அது.

மாலை ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அருள் கேட்டான்.

"அத்தான், பெயிண்டுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"முன்பக்கம் கொஞ்சம்தான்டா."

"உள்ள ரத்தமா இருக்கும். அக்கா பாக்கறதுக்குள்ள கழுவிடுங்க."

உப்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "சரி" என்று மட்டும் வந்தது.

மெஷினை எடுத்து வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கும் அவன் அக்கா நாளை காலை வீட்டுக்கு வருவாள். குழாயில் தண்ணீர் வர வியாழன் ஆகும். டிரம் நிறைய இருப்பது வண்டூர்த் தண்ணீர்.