டாக்டர் வராத தேர்வு

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. தேர்வில் பாஸ். இன்னும் ஒரு வருஷம் படித்தால், டாக்டருக்குக் காத்திராமல் நோயாளியைப் பார்த்து மருந்து எழுதும் நர்ஸ் ஆகிவிடுவேன். ஆனால் அந்த ஒரு வருஷமும் என் பெண் குட்டி உன்னிடம்தான் இருக்க வேண்டும். இதை எப்படிக் கேட்பது என்றுதான் இரண்டு நாளாக எழுதவில்லை.

தேர்வில் கோட்டை விடப் பார்த்தேன், தெரியுமா? கால் வீக்கத்தோடு வந்த ஒரு தாத்தாவை முழுசாகப் பரிசோதித்து, என்ன நோய், என்ன மருந்து என்று சரியாகவே எழுதிவிட்டேன். பிறகு ஃபைலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்து நின்றேன். ஏழு வருஷ வார்டு பழக்கம்.

"யாருக்கு வெயிட் பண்றீங்க?" என்றார் தேர்வு நடத்திய மேடம்.

"டாக்டருக்கு, மேடம்."

"அவர் வரமாட்டார். இன்னிக்கு முடிவு உங்களோடது."

கட்டிலில் இருந்த தாத்தா, "சீக்கிரம் சொல்லிடும்மா, உன் மூஞ்சியைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

அப்போது உன் ஞாபகம்தான் வந்தது. குட்டி தும்மினால்கூட எனக்குப் போன் போட்டு, நான் சொல்லும்வரை காத்திருப்பாய். பயந்தாங்கொள்ளி நான், அதையே விரும்பினேன். இனி வேண்டாம். உனக்குச் சரி என்று பட்டதைச் செய். நீ இல்லாவிட்டால் இந்தக் கல்லூரிப் படியையே மிதித்திருக்க மாட்டேன்.

அப்புறம், நேற்று போனில் காதில் விழுந்தது. குட்டி உன்னை "அம்மா" என்றாள். நீ பதறிப்போய், "பெரியம்மாடி, பெரியம்மா" என்று திருத்தினாய். எனக்காகத்தான், தெரியும்.

திருத்தாதே அக்கா. கூப்பிடட்டும். வந்ததும் நானும் உனக்குப் பின்னால் அம்மா வரிசையில் சேர்ந்துகொள்கிறேன்.

உன் தங்கை