நோட்டீஸில் இல்லாத கட்டில்

ஜூலை 8

பக்கத்து வீட்டு ராஜாராமன் மேல் போட்ட வழக்குக்கு இது மூன்றாம் வருஷம். மனிதர் வாசலை இரண்டடி உயர்த்தினாலும் உயர்த்தினார், மழை பெய்தால் எங்கள் முன்னறையில் கணுக்கால் தண்ணீர். இந்த வருஷம் அங்கேதான் என் வீட்டுக்காரர் ஞானையாவின் கட்டில். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் மாடி ஏற முடியாது.

"நிச்சயம் ஜெயிப்போம் மேடம்" என்கிறார் வக்கீல். எப்போது என்றால் சிரிக்கிறார். ஐப்பசி மழை வாய்தா வாங்குமா?

ஜூலை 15

ஜட்ஜ் எங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பிவிட்டார். அந்த ஆளோடு ஒரே மேஜையிலா? கணக்கு டீச்சராக இருந்தவள் நான். தப்பான விடைக்குப் பாதி மார்க் போட்டதே கிடையாது.

ஆகஸ்ட் 2

போனேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

சமரசம் பேசும் கிருபா மேடம் ஒரு தாளும் ஒரே ஒரு பென்சிலும் வைத்தார். "தண்ணி எப்படி வருதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து வரைங்க."

ராஜாராமன் தன் வீட்டை வரைந்தார். கோணல்மாணலாக. "ரோட்டை உயர்த்திப் போட்டதுல சாக்கடை எங்க ஹாலுக்கே வந்துடுச்சு மேடம், அதான் வாசலை ஏத்தினேன்." இதை நான் கேட்டதே இல்லை. பென்சிலைப் பிடுங்கி எங்கள் வீட்டை வரைந்தேன். தண்ணீருக்கு அம்புக்குறி போட்டேன். அது முடியும் இடத்தில் கை தானாக ஒரு கட்டிலையும் போட்டுவிட்டது.

"இது என்ன?" என்றார் ராஜாராமன்.

"கட்டில். அவர் படுத்திருக்கார். ஆபரேஷன்."

"சாருக்கா? எப்போ?" தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இந்த வருஷம் அனுப்பின நோட்டீஸ்லகூட இதை எழுதவே இல்லையே மேடம்."

எழுதலைதான். வழக்குக்குத் தேவையில்லைன்னு வக்கீல் சொன்னார், நானும் சரின்னுட்டேன். அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்தே ரெண்டு வருஷம் ஆச்சே — அவருக்கு எப்படித் தெரியும்? தாம்பரம் சமரச மையத்திலிருந்து வரும்போது பஸ்ஸிலேயே அழுகை வந்துவிட்டது.

ஆகஸ்ட் 20

கையெழுத்துப் போட்டாயிற்று. தன் வாசலுக்கு அடியில் குழாய் பதித்துத் தண்ணீரைத் தெருக் கால்வாயில் விடுவது ராஜாராமன் பொறுப்பு. குழாய்க்கு வழிவிட்டு என் நந்தியாவட்டையை வெட்டுவது என் பொறுப்பு. ஆளுக்குப் பாதி மார்க்.

அக்டோபர் 17

விடிய விடிய மழை. செம்பாக்கம் ஏரி தளும்புகிறதாம். காலையில் பயந்துகொண்டே முன்னறைக்குப் போனேன். தரை காய்ந்திருந்தது. ஞானையா பேப்பர் கேட்டார்.

ஜன்னலைத் திறந்தேன். ராஜாராமன் குடையும் கையுமாகக் குழாய் வாயில் அடைத்த இலைகளைக் குச்சியால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"கட்டில் பக்கம் தண்ணி வந்துச்சா மேடம்?"

"வரலை சார். உள்ள வாங்க, காபி போடறேன்."

நவம்பர் 9

எதிர்வரிசை ஜெயவேலுவுக்கும் சின்னப்பனுக்கும் கார் நிறுத்துவதில் சண்டை. சட்டையைப் பிடிக்காத குறைதான். ராஜாராமன் இருவரையும் நேரே எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார். "மொதல்ல உக்காருங்க. வக்கீலை அப்புறம் பாக்கலாம்."

பென்சில் சீவினேன். ஒன்றே ஒன்று.