வி, ஏ, எல், ஐ

கச்சிராயபாளையம்
4.9.2025

அன்புத் தங்கை பாரதிக்கு,

அக்கா எழுதுவது. அர்த்தநாரீஸ்வரர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் அவரே காப்பார்.

ஞாயிற்றுக்கிழமை போனில், "வளைகாப்புக்கு நம்ம வூட்டுக்கு வரியா பாப்பா?" என்று கேட்டேன். அத்தோடு லைன் கட். மறுநாள் உன் மெசேஜ் வந்தது. எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. நானாகக் கற்றுக்கொண்ட எழுத்தை வைத்து, வீட்டுக் கணக்கைச் சரிபார்ப்பதுபோல இரண்டு தரம் கூட்டிப் படித்தேன். "இனிமே வழி இல்லக்கா." வி, ஏ, எல், ஐ. வழிதானே?

மனசு தாங்காமல் உன் மாமாவிடம் காட்டினேன். நீ அருளைக் கட்டிக்கொண்டு மலையேறிய நாளிலிருந்து உன் பெயரையே எடுக்காத மனிதர், சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். "நான் பேசாம இருந்ததாலதான் புள்ள இப்பிடி எழுதுது. வளைகாப்பு நம்ம வூட்லதான்னு எழுது" என்றார்.

வருவாய்தானே?

அன்புடன்,
ஜெயசுதா


வெள்ளிமலை
9.9.2025

என் அக்காவுக்கு,

உன் குண்டு எழுத்தைப் பார்த்ததுமே குரல் கேட்டுவிட்டது. படித்துச் சிரித்தேன், பிறகு அழுதேன். நீ முதலில் கேட்டது "இடுப்பு வலி எப்பிடி இருக்குது?" என்றுதானே? அதற்குத்தான் "இனிமே வலி இல்லக்கா" என்று அனுப்பினேன். வளைகாப்பைப் பற்றிக் கேட்டது என் காதில் விழவேயில்லை. அதற்குள் டவர் போய்விட்டது.

வர ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் எழுதாத வார்த்தைக்காக மாமா மனசு இறங்கியிருக்கிறார். உண்மையைச் சொல்லிவிடு. அதற்குப் பிறகும் கூப்பிட்டால் வருகிறேன். கூப்பிடாவிட்டாலும் அவர் மேல் கோபமில்லை. என்னை நர்சுக்குப் படிக்க வைத்தவர் அவர்தான்.

உன்
பாரதி


கச்சிராயபாளையம்
13.9.2025

பாரதிக் கண்ணு,

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. விளக்கேற்றிக் கும்பிட்டதும் அந்த எண்ணம் நிற்கவில்லை. உன் கடிதத்தையே மாமா கையில் கொடுத்துவிட்டேன்.

போனில் உன் மூச்சு வாங்குவது கேட்கும். மெசேஜில் நீ சாப்பிட்ட சேதி தெரியும். காகிதம் இருக்கிறதே, அது வேறு அதிசயம். "படிக்க வைத்தவர்" என்ற இடத்தில் உன் பேனா அழுந்தி, பின்பக்கம் புடைத்திருந்தது. அதை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பிறகு, "வலிய வழின்னு படிச்சியா? நல்லா படிச்ச போ" என்றார்.

"நீங்க மட்டும் இன்னா, கண்ணாடி போட்டுக்கினு அதையேதான படிச்சீங்க?" என்றேன்.

சிரித்துவிட்டார். "பேனாவ குடு" என்றார். கீழே இருப்பது அவர் கையெழுத்து. கல்யாணமானதிலிருந்து எனக்கு ஒரு வரி எழுதியதில்லை. கொஞ்சம் பொறாமைதான்.

ஜெயசுதா

பாப்பா, மலை வளைவுல பஸ் குலுக்கும், இடுப்புக்கு ஆவாது. அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம நானே கார் எடுத்துக்கினு வர்றேன். அருளையும் துணிமணி எடுத்து வைக்கச் சொல்லு.
மாமா