பெயரைச் சொல்லவும்

மார்ச் 3
எழுதுவதற்கு மன்னிக்கணும். யாரிடம் கேட்கிறேன்? கல்லூரி நோட்டில் மிச்சமிருந்த பக்கங்கள், அவ்வளவுதான். தொண்டை மருத்துவமனை வரவேற்பில் இது ஆறாவது வாரம். போன் இப்போது இன்டர்நெட் வழியாக வருகிறது. கூடவே மனை வேணுமா, பரிசு விழுந்திருக்கு என்று ஒரு நாளைக்கு நூறு அழைப்பு. "உனக்கு மட்டும் விழுந்துக்கிட்டே இருக்குடி" என்கிறாள் நர்ஸ் அக்கா.

மார்ச் 5
சில அழைப்புகளில் பேச்சே இல்லை. மூச்சு இரைப்பு மட்டும். பயந்து வைத்துவிடுகிறேன்.

மார்ச் 9
செட்டிங்கில் ஒரு வழி கண்டுபிடித்தேன். கூப்பிடுகிறவர் முதலில் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தானாகவே துண்டித்துவிடும். என் குரலிலேயே பதிவு செய்தேன். மேனேஜர் எல்லோர் முன்னாலும், "படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்" என்றார். வீட்டில் அப்பா அதை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

மார்ச் 10
ஒரு மூச்சு அழைப்புகூட இல்லை. நிம்மதி.

மார்ச் 17
போன மாதம் இங்கே ஆபரேஷனில் குரல்வளை எடுக்கப்பட்ட தையல்காரர் ஒருவர், மூச்சு விட வைத்த கழுத்துக் குழாயில் சளி அடைத்து, தனியாக ஆட்டோ பிடித்து வந்து வாசலில் விழுந்தார். உதடெல்லாம் நீலம். பிழைத்துவிட்டார். மாலையில் பலகையில் எழுதிக் காட்டினார்: "நாலு தடவை கூப்பிட்டேன். உங்க போன் பேர் கேட்டுச்சு."

மூச்சு முட்டினால் கூப்பிட்டால் போதும், நம்பரைப் பார்த்து ஆம்புலன்ஸ் அனுப்புவோம் என்று வார்டில் இவர்களிடம் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

குரலே இல்லாதவங்ககிட்ட பேர் கேட்டிருக்கேனே — எங்க போச்சு என் புத்தி?

மார்ச் 18
"போன் கம்பெனிக்காரன் தப்புன்னு எழுதிடலாம்மா. நீ வாயைத் திறக்காதே" என்றார் மேனேஜர். வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குப் பழக்கம்தான். வேலை போனால் அப்பாவிடம் என்ன சொல்வேன்?

பெரிய டாக்டரிடம் போய் நானே சொன்னேன். "முதல்ல அதை எடு" என்றார்.

மார்ச் 19
நேற்றே எடுத்துவிட்டேன். நோயாளிகளின் நம்பர் எல்லாவற்றையும் பெயரோடு ஏற்றினேன். பரிசுகள் மறுபடி விழுகின்றன. என் வேலை பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 24
தையல்காரர் இன்று வீட்டுக்குக் கிளம்பினார். கட்டில் ஓரம் நின்று, நான்தான் செய்தேன் என்றேன். பலகையில் எழுதினார்: "அந்தக் குரல் நீயாம்மா? தெளிவா இருந்துச்சு."

அழுதுவிட்டேன். ஒரு வாரமாக நாக்கு நுனியில் வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டேன்:

"ஐயா, வீட்டுக்குப் போனதும் ஒரு தடவை கூப்பிடுங்க. பேச வேண்டாம். நான் வைக்க மாட்டேன்."