குடைக்குள் குத்திய பேட்ஜுகள்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். தலை பாதி நரைத்த பிறகும், இன்று காலை ஓர் ஊர்வலத்தின் பின்னால் கடைத்தெரு முழுக்க நடந்தேன். கிளிஞ்சல்மேட்டுக்காரர்கள் மீன் காயவைக்கத் தளம் கேட்டு வந்திருந்தார்கள். நான் போனது அவர்கள் குத்தியிருந்த மீன் படம் போட்ட தகர பேட்ஜுக்காக. "எனக்கு ஒன்னு, வரமுடியாத ஆளுக்கு ஒன்னுங்க" என்று கேட்டு இரண்டு வாங்கினேன். வரமுடியாத ஆள் நீதான்.

நாம் எந்தக் கட்சியிலும் இல்லை. எல்லாக் கூட்டத்திலும் இருந்தோம். ஜெயித்தவர், டெபாசிட் போனவர், கண் தானம், குடிதண்ணீர் என்று யார் பேட்ஜை நீட்டினாலும் நெஞ்சைக் காட்டி நின்றோம். அதைச் சட்டையிலேயே வைத்திருந்தால் கோவில்பத்து டீக்கடையில் பாதிப்பேர் பேசமாட்டார்கள். அதற்கு நீ கண்டுபிடித்த இடம் குடையின் உள்பக்கம். மடக்கினால் நீ யாருடைய ஆளும் இல்லை. விரித்தால் எல்லாருடைய ஆள்.

"மழை பேஞ்சா மாட்டிக்குவ மச்சான்" என்றேன்.

"மழையில எவன்டா அண்ணாந்து பாக்குறான்? போடா" என்றாய்.

பார்த்தார் ஒருவர். உன் மகளைத் தன் பையனுக்குப் பேசி முடிக்க மண்டபத்தூரிலிருந்து வந்தவர், வேட்டிக் கரையிலேயே கட்சியைக் கட்டியிருந்தவர். அதற்கு முன் வந்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் மகள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று முதல் நாளே என்னிடம் புலம்பியிருந்தாய். பேச்சு நல்லபடியாக முடிந்து அவரை பஸ் ஏற்றக் கிளம்பினோம். தெருமுனையில் மழை பிடித்துக்கொண்டது. மரியாதைக்காரனாயிற்றே நீ, யோசிக்காமல் குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தாய்.

அவர் அண்ணாந்தார். நேர் மேலே அவருடைய எதிர்க்கட்சி.

"என்னங்க இது?"

"எல்லாரும் நமக்கு வேண்டியவங்கதானேங்க" என்று நான்தான் உளறினேன்.

அவர் என்னைச் சட்டை செய்யவில்லை. ஓரத்தில் இருந்த ஒன்றைத் தொட்டார். மண்டபத்தூருக்கு பஸ் விடச் சொல்லி நடந்த ஊர்வலத்தில் கொடுத்தது. ஊரில் வேறு யாரிடமும் இல்லை என்று நீ பீற்றிக்கொள்வாயே, அதுதான்.

"அந்த ஊர்வலத்துல முன்னால நடந்தவன் நாந்தாங்க. என்னோடது கூட்டத்துல விழுந்துபோச்சு. இத எனக்குக் குடுத்துடுங்க சம்மந்தி."

சம்மந்தி என்றதும்தான் உனக்கு மூச்சு வந்தது. "எடுத்துக்குங்க" என்றாய். ஊக்கைத் திறக்கத் தெரியாமல் அவர் பிடித்து இழுத்தார். துணியும் கிழிந்தது. போராடி வாங்கிய அந்த பஸ்ஸிலேயே பேட்ஜோடு ஏறிப் போனார்.

"பொண்ணையும் குடுத்தேன், பேட்ஜையும் குடுத்தேன். பொண்ணாவது தீவாளிக்கு வரும்டா" என்றாய்.

வந்தாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்தாள். உன் கருமாதி அன்று, "நீங்களே வச்சுக்குங்க மாமா" என்று குடையை என் கையில் கொடுத்ததும் அவள்தான். அதில் ஒரு பேட்ஜைக்கூட நான் இடம் மாற்றவில்லை. எதிர்க்கட்சி அதே நட்டநடுவில்தான் இருக்கிறது.

அந்தக் கிழிசலை இழுத்துப் பிடித்து உன் பங்கு மீன் பேட்ஜைக் குத்தினேன். சாயங்காலம் மழை வந்தது. குடையை விரித்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன். முன்பு கிழிசல் ஓர் இடத்தில்தான் ஒழுகியது. இப்போது இற்றுப்போன துணியில் ஊக்கு போட்ட ஓட்டைகளோடு மூன்று இடத்தில் ஒழுகுகிறது.