வாளிக்குள் இறுகிய ரெசின்

பெரியவனின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முட்டுவலி மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருப்பாய்; மறுபடி ஆரம்பி.

தண்ணீர்த்தொட்டி வார்க்கும் எங்கள் பட்டறையில் ஒரு சின்னச் சம்பவம். ரெசின் என்ற பிசினில் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரை விட்டால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாகி இறுகும். கோக்கும்போது சூடு கிளம்பும். சூடு வெளியேற வேண்டுமென்று நான் சின்ன டப்பாவில்தான் கலப்பேன். புது சூப்பர்வைசருக்குப் பொறுமையில்லை.

"என்ன பெருசு, பயமா? வாளி நிறையக் கலக்குங்க, வேலை சீக்கிரம் முடியும்."

"முடியும் தம்பி, வாளிக்குள்ளயே முடிஞ்சிடும்," என்றேன்.

அவரே கலந்தார். பத்தே நிமிடத்தில் புகைந்து கல்லாகிவிட்டது. வாளியை வெளியே தூக்கிப் போட்டபோது என் விரலில் லேசாகச் சுட்டது, அவ்வளவுதான்.

இப்போது ஹார்ட்னரை அதிகமாக விட்டது நான்தான் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கொடுக்காவிட்டால் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு சரியாம். யாரும் சொல்லித் தராமல் இருபது வருடம் நானே கற்ற வேலை இது. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இடக்கையால் எழுதுவதால் எழுத்து கோணல். பொத்தான் இல்லாத பனியன் இரண்டு அனுப்பு. சட்டைப் பொத்தானைப் போட்டுவிடச் சொல்லி இங்கே யாரிடமும் நிற்க மாட்டேன்.

பட்டறை மணி அடிக்கிறது. இல்லை, பனியன் வேண்டாம். மாதம் முடியப்போகிறது; பார்சல் வந்து சேருமுன் நானே அங்கே வந்து நிற்பேன்.