வெந்நீரில் அலசின சட்டை

செம்பாக்கம்,
வியாழக்கிழமை

அன்புள்ள ஜெயப்ரியாவுக்கு, அம்மா எழுதறது. இங்க நானும் அப்பாவும் மிட்டாயும் நல்லா இருக்கோம். அங்க நீயும் மாப்பிள்ளை எழிலும் என் தங்கப் பாப்பா சின்மயியும் அந்தப் பனியில சளி கிளி பிடிக்காம சௌக்கியமா இருக்கணும்னு தினமும் விளக்கேத்தறப்போ வேண்டிக்கறேன். தினம் வீடியோல பேசிட்டு லெட்டர் எதுக்கும்மான்னு சிரிப்பே. போனை உங்கப்பா தன் மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்கறார், நான் ஓரத்துல எட்டிப் பார்க்கறதோட சரி. தவிர, அவர் முன்னாடி சொல்ல வெட்கமான ஒரு விஷயம் இருக்கு. அதான் சனிக்கிழமை டொராண்டோ திரும்பற உன் ஃப்ரெண்ட் ஷர்மிளா கையில இதைக் கொடுத்தனுப்பறேன்.

நீ பாப்பாவோட வர்றதுக்குள்ள மிட்டாயைப் பழக்கச் சொன்னியே, எல்லாம் செஞ்சுட்டோம். மிட்டாய் படுக்கையை பெட்ரூம்லேர்ந்து ஹாலுக்கு மாத்தி ஒரு மாசம் ஆச்சு, முதல் வாரம் கதவைப் பிராண்டியே பெயிண்டை உரிச்சிடுச்சு. ஊசி போட்டாச்சு, நகம் வெட்டியாச்சு. காலேஜ் படிக்கறப்போ ஏரிக்கரையிலேர்ந்து துப்பட்டாவுல சுத்தித் தூக்கிட்டு வந்தியே, அதே நாயா இதுன்னு இருக்கு, உட்காருன்னா உட்காருது. நீ அனுப்பின குழந்தை அழற சத்தத்தை அப்பா தினம் சாயந்திரம் மெல்லமா வைக்கறார், மாடி வீட்டு ஜோவிதா இறங்கி வந்து பாப்பா எப்போ வந்துச்சு, சொல்லவே இல்லையேன்னு சண்டைக்கு வந்துட்டா. அப்புறம், அஞ்சு கிலோ அரிசிப் பையைத் துண்டுல சுத்தித் தோள்ல போட்டுக்கிட்டு நடக்கறார், நாய் மேல தாவாம பழகணுமாம். நேத்து பார்த்தா நாய் எப்பவோ தூங்கிடுச்சு, இந்த மனுஷன் மட்டும் அரிசியைத் தட்டிக் கொடுத்துக்கிட்டே நடக்கறார். சிரிக்கப் போய் எனக்கு அழுகை வந்துடுச்சுடி.

இப்போ விஷயத்துக்கு வர்றேன், திட்டாதே. பாப்பா போட்டுக் கழட்டின சட்டையை ஷர்மிளாகிட்ட கொடுத்தனுப்பினியே. அப்படியே மிட்டாய்க்கு மோப்பம் காட்டணும், வாசனை பழகினா பாப்பா வந்ததும் மிரளாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னே. நான் கவரைப் பிரிச்சேன், கழுத்துல பால் கறை. ஐயோ, இவ்வளவு தூரம் வந்த குழந்தைத் துணியாச்சேன்னு வெந்நீர்ல ஊற வச்சு அலசி, மொட்டை மாடியில காயப்போட்டு, மடிச்சும் வச்சுட்டேன். உன்னை வளர்த்த கை, குழந்தைத் துணியைப் பார்த்தா தானா வாளிக்குப் போகுது. மடிச்சப்புறம்தான் சுரீர்னுச்சு. அதையே மிட்டாய்கிட்ட நீட்டினேன், சோப்பு வாசனைக்கு ஒரு தும்மல் போட்டுட்டுப் போயிடுச்சு. நீ கேட்டப்போ, மோந்து பார்த்து வாலை ஆட்டிச்சுன்னு பொய் சொல்லிட்டேன். நாய் பழகலைன்னா இரும்புலியூர்ல மாமியார் வீட்டுலயே தங்கிடுவேன்னு நீதானே சொன்னே. இருக்கறதே இருபது நாள் லீவு. சம்பந்தியம்மா தங்கமானவங்க, அவங்களுக்கும் ஆசை இருக்காதா. ஆனா எனக்கு பாப்பா ஒரு மத்தியானமாவது என் புடவையைப் பிடிச்சுக்கிட்டு இங்க தூங்கணும், அஞ்சு மாசமா அதே நினைப்பு.

முந்தாநாள் பக்கத்து வீட்டுக்கு ஒரு கைக்குழந்தை வந்துச்சு. மிட்டாய் கேட்டுக்குள்ள நின்னு குரைச்ச குரைப்புல அது வீறிட்டு அழுதுச்சு. என் ஆசைக்காக உன் குழந்தையை பயத்துல விடுவேனா? பழகலைன்னா நீ இரும்புலியூர்லயே இரு, நான் தினம் பஸ் பிடிச்சு வந்து பார்த்துக்கறேன். வாய் சொல்லுது, மனசு கேட்கலை. இங்கயே வந்தாலும் ரெண்டையும் ஒரே ரூம்ல தனியா விடமாட்டேன், இது சத்தியம்.

வேளைக்குச் சாப்பிடு, பால் கொடுக்கறவ வயித்தைக் காயப்போடாதே. மாப்பிள்ளையைக் கேட்டதா சொல்லு. நீங்க மூணு பேரும் ஒரு குறையும் இல்லாம நூறு வருஷம் நல்லா இருக்கணும். ஷர்மிளா தம்பி எபி பத்தாம் தேதி அங்கேருந்து கிளம்பறானாம், அவன்கிட்ட பாப்பா கழட்டின சட்டை ரெண்டு கொடுத்தனுப்பு. ரெண்டையும் துவைக்காதே. ஒண்ணு மிட்டாய்க்கு. அன்னிக்கு வாளியில போடறதுக்கு முன்னாடி நானும் மோந்து பார்க்கலைடி.

உன் அம்மா
திரிபுரசுந்தரி